பழைய கூடாரம், படங்கு, தறப்பாள்: மாரிக்கு முன் ஒழுக்கை அடைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் சீலை ஒன்று சுருட்டி வைக்காத வீடு குறைவு. நெல் மூடத் தறப்பாள், லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டிக்குப் படங்கு, வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் விட்டுப்போன நைலோன் கூடாரம் என்று ஏதாவது ஒன்று பரணில் கிடக்கும். வயல் காவலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் கதிர்காமப் பாதயாத்திரைக்கும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் மீன்பிடி வாடியில் தங்குகிறவர்களுக்கு அதுவே கூரை. ஆனால் அது ஒழுகுகிறது என்பது பெரும்பாலும் ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டும் இரவில்தான் தெரியவரும். அந்த நேரத்தில் எந்தப் பூச்சும் காயாது, எந்த ஒட்டும் பிடிக்காது.

கடையில் ஒரு டப்பாவை வாங்கிப் பூசுவதில் இந்த வேலை தொடங்குவதில்லை. உங்களிடம் இருப்பது எந்தச் சீலை, வெயில் அதை எவ்வளவு தின்றிருக்கிறது, தண்ணீர் எந்த இடத்தால் வருகிறது என்று பார்த்த பிறகுதான் மருந்து. தப்பான மருந்தைப் பூசிவிட்டால், பிறகு சரியானதை வாங்கி வந்தாலும் அது ஒட்டாது.

எப்போது செய்வது

ஆடியும் ஆவணியும் இதற்குரிய மாதங்கள். வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் நமக்குக் கிடைக்கிறது. புரட்டாசி பிறந்தால் பெரும்போக உழவு, விதைப்பு என்று கை ஓயாது. ஆகவே சிறுபோக வெட்டு முடிந்த கையோடு சீலைகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

ஒரு இடைஞ்சல் இருக்கிறது. அந்த மாதங்களில் சோளகக் காற்றுப் பிடித்தால் செம்மண் புழுதி எல்லா இடமும் பறக்கும். ஈரப் பூச்சில் புழுதி படிந்தால் அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது. காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில் பூசுங்கள். அல்லது கொட்டிலுக்குள், காற்றுக்கு மறைவாக. உச்சி வெயிலில் பூசுவதும் கூடாது. பூச்சில் கலந்திருக்கும் திரவம் ஆவியாகிப்போய், திட்டுத்திட்டாக நிற்கும்.

கையில் இருப்பது எந்தச் சீலை

ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நூல்களை உருவி எடுங்கள். வெளியில், காய்ந்த புல் இல்லாத இடத்தில், குறட்டால் பிடித்து ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலானால் அது பருத்திப் படங்கு. உருகிச் சுருங்கி, ஆறியதும் கடினமான மணியாக நின்றால் நைலோன் அல்லது பொலியெஸ்டர். மெழுகுதிரி அணைத்த மணம் வந்தால் அது பொலித்தீன் தறப்பாள். சந்தேகமிருந்தால் இன்னொரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள்: பொலித்தீன் மிதக்கும், நைலோனும் பொலியெஸ்டரும் தாழும்.

நைலோன் கூடாரமென்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. அதன் பூச்சு பொலியூரத்தேனா சிலிக்கனா என்று தெரிய வேண்டும். சாதாரண செலோ டேப் துண்டொன்றைச் சீலையின் இரு பக்கமும் ஒட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்திலாவது நன்றாக ஒட்டினால் அந்தப் பக்கம் பொலியூரத்தேன் என்று எடுத்துக்கொள்ளலாம். மலிவான கூடாரங்கள் பெரும்பாலும் அப்படித்தான், பூச்சு உட்பக்கம் இருக்கும். இரு பக்கமும் வழுவழுவென்று, டேப் ஒட்டாமல் கழன்று வந்தால் சிலிக்கன். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொலியூரத்தேன் பூச்சின் மேல் சிலிக்கன் சரியாகப் பிடிக்காது. சிலிக்கன் பூசிய இடத்தில் சிலிக்கனைத் தவிர வேறெதுவும் பிடிக்கவே பிடிக்காது.

உயிர் இருக்கிறதா

வன்னியில் சீலையைக் கொல்வது மழையை விட வெயில்தான். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் நூலின் பலத்தைத் தின்றுவிடும். வெளிப் பார்வைக்கு நிறம் கொஞ்சம் வெளுத்தது போல மட்டும் தெரியும். கூரைப் பக்கத்தில், அதிகம் வெயில் பட்ட இடத்தில், இரண்டு கைப் பெருவிரல்களாலும் சீலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கடதாசி கிழிவது போலக் கிழிந்தால் அந்தச் சீலைக்கு எந்தப் பூச்சும் பயன் தராது. நல்ல பகுதியை வெட்டி ஒட்டுத்துணிக்கு வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். தறப்பாளைக் கசக்கும்போது கையில் தூள் கொட்டினால் அதுவும் அப்படியே.

நம் ஊர்களில் இன்னும் சில வீடுகளில் பழைய நிவாரணத் தறப்பாள்கள் இருக்கின்றன. அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனம் கொடுக்கும் தறப்பாளின் வழமையான அளவு 4 மீற்றருக்கு 5 மீற்றர். உள்ளே நெய்த கறுப்புப் பொலித்தீன் இழை, இரண்டு பக்கமும் மெல்லிய பொலித்தீன் படலம் என்பது அதன் கட்டு. 2009 இல் செட்டிகுளத்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலும், பிறகு திரும்பி வந்த காணிகளிலும் அதன் கீழ் மாரி கண்டவர்களுக்கு, கூரையில் ஓர் ஊசித்துளை என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெயிலைத் தாங்க அதில் மருந்து கலந்திருந்தாலும் அது ஒரு காலத்துக்குத்தான். மேல் படலம் உரிந்து உள்ளிழை தெரிகிற தறப்பாள் விறகு மூடவும் மாட்டுக்கொட்டிலில் ஓரம் மறைக்கவும் உதவும். ஆட்கள் படுக்கிற கூரைக்கு அதை நம்பாதீர்கள்.

தண்ணீர் எங்கே வருகிறது

கிளிநொச்சியில் லொறிப் படங்கு தைக்கிற ஐயா ஒருவரிடம் ஒழுகுகிற சீலையைக் கொண்டுபோனால் அவர் முதலில் சொல்வது, "தம்பி, சீலையைப் பாக்காதை, தையலைப் பார்." அனுபவத்தில் வந்த சொல். சீலையின் நடுப்பகுதியால் தண்ணீர் வருவது குறைவு. தையல் ஊசி குத்திய துளை, கயிறு கட்டும் காது தைத்த இடம், கம்பி உரசி மெலிந்த மூலை, நுளம்புத்திரி சுட்ட பொட்டு, இவைதான் வழக்கமான வாசல்கள்.

இதைக் கண்டுபிடிக்க இரவு நல்லது. சீலையைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒருவர் வெளியே நின்று டோர்ச் வெளிச்சத்தை மெதுவாக நகர்த்த, மற்றவர் உள்ளே நின்று பார்க்க வேண்டும். துளைகள் வெள்ளிப் பொட்டுகளாகத் தெரியும். ஒவ்வொன்றையும் வெண்கட்டியால் வட்டமிடுங்கள். அடுத்த நாள் கூடாரத்தை இழுத்துக் கட்டி, பூவாளியால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு தையலாக மேலே போங்கள். மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் உட்பக்கமாக வழிந்து வந்து வேறெங்கோ சொட்டும். உண்மையான துளை அகப்படாது. ஓர் இடத்தில் ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

உள்ளே ஈரமாக இருந்தால் அது ஒழுக்குத்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மார்கழி, தைப் பனியில் வாசலை இறுக்கி மூடிக்கொண்டு படுத்தால், படுத்தவர்களின் மூச்சே குளிர்ந்த சீலையில் பட்டு நீராகி வழியும். மழையில்லாத இரவிலும் உட்பக்கம் முழுக்க ஒரே சீராக நனைந்திருந்தால் அது மூச்சு ஈரம். அதற்கு மருந்து பூச்சு அல்ல, காற்றோட்டம். மேலே ஒரு திறப்பும் கீழே ஒரு திறப்பும் விட்டுப் படுங்கள்.

கழுவுவது

அழுக்கின் மேல் எதுவும் பிடிக்காது. முதலில் காய்ந்த மண்ணை மெல்லிய தும்புத்தடியால் தட்டி விடுங்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். சலவைத்தூளும் துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம்; அவற்றின் எச்சம் நூலில் தங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். சலவை இயந்திரத்துக்குள் கூடாரத்தைப் போடவே கூடாது, பூச்சும் தையலும் கழன்றுவிடும்.

கறுப்புப் பொட்டாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால், வினாகிரியில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து துணியால் ஒற்றி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவுங்கள். கறை முழுக்கப் போகாது; பூஞ்சணம் அடங்கினால் போதும். குளோரின் போட்டால் கறையோடு சீலையின் பலமும் பூச்சும் போய்விடும். கழுவியதை நிழலில், இரண்டு பக்கமும் காற்றுப்படக் காயவிடுங்கள். தையல் மடிப்புக்குள் ஈரம் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

பருத்திப் படங்குக்கு: சவர்க்காரமும் சீனக்காரமும்

எனக்குப் பிடித்த முறை இது. செலவு குறைவு, பொருள் எல்லாம் பக்கத்துக் கடையில் கிடைக்கும், படங்கும் மூச்சுவிடும். சவர்க்காரத்தில் இருக்கும் கொழுப்பு அமிலமும் சீனக்காரத்தில் இருக்கும் அலுமினியமும் நூலுக்குள் சந்திக்கும்போது, தண்ணீரில் கரையாத, மெழுகு போன்ற ஒரு பொருளாக மாறி அங்கேயே தங்கிவிடும். வெளியே பூசியது உரியலாம். இது நூலுக்குள்ளேயே உண்டாவதால் உரிவதற்கு எதுவும் இல்லை.

தண்ணீரில்தான் கவனம் வேண்டும். நம் பகுதிக் கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்துபோகும், அதாவது நூலுக்குள் போக வேண்டியது வாளியிலேயே வீணாகும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைப் பாவியுங்கள். இல்லையென்றால் குளத்துத் தண்ணீரைத் தெளியவிட்டு வடித்து எடுங்கள்.

உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரம் 500 கிராமைத் துருவி, 8 லீற்றர் சுடுதண்ணீரில் முற்றாகக் கரையுங்கள். சலவைத்தூளில் இது நடக்காது, அதில் இருப்பது வேறு வகைப் பொருள். இன்னொரு பாத்திரத்தில் 250 கிராம் சீனக்காரத்தைத் தூளாக்கி, 8 லீற்றர் சுடுதண்ணீரில் கரையுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். கலந்தால் வெள்ளைக் கட்டியாகத் திரண்டு மேலே மிதக்கும், அவ்வளவுதான்.

படங்கு சின்னதென்றால் சவர்க்காரத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, கையால் கசக்கிக் கசக்கி நூல் எல்லாம் குடிக்க விடுங்கள். குமிழி வருவது நின்றால் குடித்துவிட்டது என்று அர்த்தம். எடுத்துப் பிழியாமல் கொடியில் போட்டுச் சொட்ட விடுங்கள். சொட்டு நின்று, ஈரம் மட்டும் இருக்கிற பதத்தில் சீனக்காரத் தண்ணீருக்குள் இறக்கி, இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். இடையிடையே புரட்டிப்போட வேண்டும். பிறகு எடுத்து, மடிப்பு விழாமல் விரித்துக் காயப்போடுங்கள். லொறிப் படங்கு போலப் பெரியதென்றால் தறையில் விரித்து, தும்புத்தடியால் முதலில் சவர்க்காரத் தண்ணீரைச் சூட்டோடு தேய்த்து, ஓரளவு காய்ந்ததும் சீனக்காரத் தண்ணீரைத் தேய்க்கலாம். தையல் ஓரங்களில் இரண்டு தடவை.

காய்ந்ததும் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முன்பு பரவி இறங்கிய நீர் இப்போது உருண்டு நிற்கும். உருளாத இடத்தில் மட்டும் திரும்பச் செய்தால் போதும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் இந்தக் காப்புக் குறையும், ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை, மாரிக்கு முன் செய்வது நல்லது. தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்துக்கு இது போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரிவாகக் கட்டிய கூரைக்குத்தான் இந்த முறை.

அடியில் விரிக்கவும், பை, தொப்பி, மழைக்கு மேலே போடும் சட்டை போன்றவற்றுக்கும் மெழுகு நல்லது. மெழுகுதிரி இரண்டு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியஸில் உருகும், அது சேர்ந்தால் மடிக்கும்போது வெடிக்காது. காட்டுத்தேன் எடுக்கிறவர்களிடம் அடை வாங்கி, கொதிதண்ணீரில் உருக்கி வடித்து வைத்துக்கொள்ளலாம். மெழுகு டப்பாவை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். உருகியதைக் கட்டியாக வார்த்து, ஆறியதும் சீலையில் அழுத்தித் தேயுங்கள். மேலே ஒரு பழைய பருத்தித் துணியைப் போட்டு இஸ்திரிப்பெட்டியை மெல்ல ஓட்டினால் மெழுகு நூலுக்குள் இறங்கும். மெழுகிட்ட சீலை எளிதில் தீப்பிடிக்கும். அரிக்கன் லாம்பையும் அடுப்பையும் தள்ளியே வையுங்கள். ஆளி எண்ணெய் பூசும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும், ஆகவே விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த முறையே வேண்டாம் என்பேன்.

நைலோன் கூடாரத்துக்கு

பழைய நைலோன் கூடாரத்தை விரிக்கும்போது ஒரு புளித்த நாற்றமும், கையில் ஒட்டும் பிசுபிசுப்பும் இருந்தால் பொலியூரத்தேன் பூச்சு சிதைந்துவிட்டது. ஈரமும் சூடும் சேர்ந்து அந்தப் பூச்சை உடைக்கின்றன. ஈரத்தோடு சுருட்டித் தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்தால் கெதியில் நடக்கும். சிதைந்ததன் மேல் புதியதைப் பூசினால் இரண்டும் சேர்ந்து உரியும். பழையதை எடுத்துவிட வேண்டும். பார்மசியில் விற்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து, முதலில் ஒரு மூலையில் சீலை நிறம் போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, பழைய பல்துலக்கியால் உரசி எடுங்கள். திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில். இது பொறுமை கேட்கும் வேலை, அரைகுறையாக விட்டால் பூச்சும் அரைகுறையாகத்தான் நிற்கும்.

சீலை சுத்தமாகக் காய்ந்த பிறகு, கூடாரத்துக்கென்று விற்கும் பொலியூரத்தேன் பூச்சை உட்பக்கத்தில் பஞ்சுத் துண்டால் மெல்லிதாகத் தடவுங்கள். இரண்டு மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சை விட நிலைக்கும்; தடித்தது மடிப்பில் வெடிக்கும். ஒரு இரவு முழுக்கக் காய விடுங்கள். நம் ஊர்க் கடைகளில் இது எல்லா இடமும் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பது சுலபம்.

சிலிக்கன் சீலைக்கும், பூச்சே இல்லாத வெறும் நைலோனுக்கும் வீட்டிலேயே மருந்து செய்யலாம். ஹார்ட்வெயார் கடையில் ஜன்னல் கண்ணாடிக்கு வாங்கும் நிறமில்லாத சிலிக்கன் ட்யூப், காடி மணம் வரும் வகை. அதைப் பெயின்ற் கரைக்கும் டர்பன்டைனில் கரைக்க வேண்டும். முழுச் சீலைக்கும் என்றால் ஒரு பங்கு சிலிக்கனுக்குப் பத்துப் பங்கு டர்பன்டைன், தையலுக்கென்றால் மூன்று பங்கு. மூடியுள்ள போத்தலில் போட்டுக் கட்டி கரையும் வரை குலுக்கி, உடனே தூரிகையால் பூசி, மேலதிகத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். தேங்கி நின்ற இடம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்கக் காய்ந்ததும் பேபி பவுடரை மெல்லத் தூவித் தட்டிவிட்டால் மடிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாது. டர்பன்டைன் இல்லையென்று பெற்றோலில் கரைக்கச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், அதன் ஆவி தூரத்து நெருப்பையும் பிடிக்கும்.

கூடாரப் பெட்டியில் 1500 மி.மீ., 3000 மி.மீ. என்று எழுதியிருப்பது, அத்தனை உயர நீர்த்தூணைச் சீலை தாங்கும் என்பதற்கான கணக்கு. கூரைக்கு 1500 போதும். ஆனால் அடிச்சீலையில் முழங்கால் ஊன்றும்போது அழுத்தம் அதைவிடப் பல மடங்கு ஏறுவதால், மழை பெய்து ஊறிய தரையில் ஈரம் கீழிருந்து வரும். பூச்சு வாங்கியது கொஞ்சம்தான் என்றால் கூரைத் தையலுக்கும் அடிச்சீலைக்கும் முதலில் செலவழியுங்கள்.

தையல்

தையலின் மேல் ஒட்டியிருக்கும் பழைய நாடா அரைகுறையாக உரிந்திருந்தால் முழுக்க உரித்து, பசையை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். சின்னத் தூரிகையால் அடைப்பானை ஊசித்துளைக்குள் போகும்படி குத்திக் குத்திப் பூசுங்கள். மேலால் இழுத்துக்கொண்டு போனால் துளை திறந்தே இருக்கும். பொலியூரத்தேன் சீலைக்குப் பொலியூரத்தேன் அடைப்பான், பூச்சு இருக்கும் பக்கத்தில். சிலிக்கன் சீலைக்கு சிலிக்கன், வெளிப்பக்கத்தில். பருத்திக்கு மெழுகு போதும்.

கயிற்றுக் காதுகளை மறக்காதீர்கள். காற்றுக்கு இழுபடும் ஒவ்வொரு தடவையும் அந்த ஊசித்துளைகள்தான் விரிகின்றன. புதிதாகத் தைக்க நேர்ந்தால் சீலைக்கும் நூலுக்கும் பொருத்தம் பாருங்கள். பருத்திப் படங்கைப் பருத்தி நூலால் தைத்தால், மழை படும்போது நூல் ஊதித் துளையைத் தானே அடைக்கும். நைலோன் நூல் ஊதாது. புதிய பருத்திப் படங்கை முதல் தடவை பாவிக்கும் முன் நன்றாக நனைத்துக் காயவைப்பதும் இதற்காகத்தான்.

தறப்பாள்

பொலித்தீனில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. சைக்கிள் ரியூப் சொலூஷன், சிலிக்கன், பெயின்ற் எல்லாம் காய்ந்ததும் தோலாகக் கழன்று வரும். தறப்பாளுக்கென்று விற்கும் ஒட்டு நாடா, அல்லது கூரைத் தகரத்துக்கு ஒட்டும் பியூட்டில் நாடாதான் பிடிக்கும். துளையைச் சுற்றி ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டி, இரண்டு பக்கமும் ஒட்டி, போத்தலை உருட்டி அழுத்துங்கள். மூலை கூராக இருந்தால் காற்று அங்கிருந்துதான் உரிக்கத் தொடங்கும். பெரிய கிழிசலென்றால் முதலில் சாக்கு ஊசியும் தங்கூசியும் (நைலோன் மீன்பிடி நூல்) கொண்டு இழுத்துத் தைத்து, அதன்மேல் நாடா.

காது பிய்ந்துபோன மூலைக்கு ஒரு நல்ல வழி உண்டு. சின்ன வழுவழுப்பான கல்லையோ, புளியங்கொட்டை அளவு சுருட்டிய துணியையோ தறப்பாளின் உட்பக்கம் வைத்து, வெளிப்பக்கமாகப் பிதுக்கி, அந்தக் கழுத்தில் கயிறு கட்டுங்கள். ஆணி அடித்த காதைவிடப் பலமாக நிற்கும், துளையும் இல்லை.

மற்றச் சாமான்கள்

மழைக்கோட்டில் தண்ணீர் உருளாமல் ஊறினால் உடனே புதுப் பூச்சு வாங்க வேண்டாம். முன் சொன்னபடி கழுவி, நன்றாக அலசிக் காயவைத்து, மேலே துணி போட்டு இஸ்திரிப்பெட்டியைக் குறைந்த சூட்டில் ஓட்டிப் பாருங்கள். லேபிள் அனுமதித்தால் மட்டும். பழைய பூச்சு பல சமயம் உயிர் பெறும். முதுகுப்பையை முழுக்க நீர்புகாமல் செய்வது வீண் வேலை. சிப் வழியாகவும் தோள்பட்டித் தையல் வழியாகவும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். உரப்பைக்குள் வரும் தடித்த பொலித்தீன் உறையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு மூன்று தடவை கழுவி, பைக்குள் உள்ளுறையாகப் போட்டு, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். தேசிய அடையாள அட்டை, போன், மருந்து எல்லாம் அதற்குள். சிப்பில் மெழுகுதிரியைத் தேய்த்தால் சுலபமாக ஓடும். தோல் சப்பாத்துக்குத் தேன்மெழுகு. கம்பூட்ஸில் வெடிப்பு விழுந்தால் சைக்கிள் சொலூஷனும் ரியூப் துண்டும் இங்கே நன்றாக வேலை செய்யும், அது இறப்பர்.

கட்டும் விதம்

நல்ல சீலையும் தளர்வாகக் கட்டினால் ஒழுகும். மழைநீர் தேங்கும் குழி ஒன்று விழுந்தால் அந்தப் பாரத்திலேயே துளை விரியும். நைலோன் நனைந்தால் நீளும், ஆகவே முதல் மழை விழுந்து கொஞ்ச நேரத்தில் கயிறுகளைத் திரும்ப இறுக்குங்கள். பருத்திப் படங்கு நேரெதிர்: அதுவும் பருத்திக் கயிறும் நனைந்தால் சுருங்கும், இரவில் கொஞ்சம் தளர்த்தி விடாவிட்டால் காது பிய்யும். கூரைக் கயிறு உள்ளே வருகிற இடத்தில் ஒரு துணி நாடாவைக் கட்டித் தொங்கவிட்டால் கயிற்றோடு வழியும் நீர் அதில் சொட்டிவிடும். அடியில் விரிக்கும் தறப்பாள் கூடாரத்தின் தரையைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையிலிருந்து விழும் மழையைப் பிடித்து நேரே உங்கள் பாய்க்குக் கீழே கொண்டுவந்து விடும்.

இடமும் பாருங்கள். வயல் களிமண் தண்ணீரை உள்ளே விடாது, அங்கே மேடான வரம்போரம் வேண்டும். முல்லைத்தீவுக் கரை மணலில் முளை நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பிப் புதைத்து அதில் கட்டுங்கள். வெயிலுக்கு மர நிழல் நல்லதுதான், ஆனால் காய்ந்த கொப்பு உள்ள மரம் வேண்டாம். பாலை பழுக்கும் காலத்தில் பாலை மரத்தடியும் வேண்டாம். பழச்சாறு சீலையைக் கெடுக்கும், பழத்துக்குக் கரடி வரும். குளத்தின் கீழ்ப்பக்கத்தில், வாய்க்காலோரம் மாரியில் கூடாரம் போடவே கூடாது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பிக் கதவுகள் திறந்தபோது தாழ்ந்த ஊர்களுக்குள் தண்ணீர் வந்த வேகத்தைப் பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

எடுத்து வைப்பது

நுளம்புத்திரியைக் கூடாரத்துக்கு வெளியேதான் கொளுத்த வேண்டும். பகலில் தேவையில்லையென்றால் கூரையைக் கழற்றி நிழலில் போட்டுவிடுங்கள், வெயில் தின்னும் நேரம் அவ்வளவு குறையும். ஈரத்தோடு மடித்துக்கொண்டு வர நேர்ந்தால், வீட்டுக்கு வந்த அன்றே விரித்துக் காயப்போடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே மடிப்பில் மடித்தால் பூச்சு அந்தக் கோட்டில் வெடிக்கும், ஆகவே தளர்வாகச் சுருட்டுங்கள். மண் தரையில் வைத்தால் கறையான், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் எலி. பருத்திப் பைக்குள் போட்டு, காற்றோட்டமுள்ள அறையில் கூரை வளையில் தொங்கவிடுவது நல்லது. பொலித்தீன் பை ஈரத்தைப் பூட்டி வைக்கும்.

அதே பைக்குள் ஒரு சின்னப் பொட்டலமும் இருக்கட்டும்: சாக்கு ஊசி, தங்கூசி, பிரிக்காத சிறிய சிலிக்கன் ட்யூப், பியூட்டில் நாடா ஒரு முழம், மெழுகுதிரித் துண்டு, வெண்கட்டி. நாடா காய்ந்த சீலையில்தான் ஒட்டும். ஆகவே மழைக்குள் ஒட்ட நேர்ந்தால் துடைப்பதற்கு, பொலித்தீனில் சுற்றிய உலர்ந்த பழந்துணி ஒன்றையும் அதோடு வைத்துவிடுங்கள்.